பத்து கோடி வருஷப் பட்டினி

என் வாழ்நாளில் நான் செய்த சத்தியாகிரகம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு நத்தைக்காக.

நத்தைகூட இல்லை, கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பத்து வயதில் நான் எதற்கு வேண்டுமானாலும் உட்காரக்கூடிய பையன். எழுப்புவதுதான் மற்றவர்கள் பாடு.

போன மாதம் எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருக்கும் அருங்காட்சியகத்தை மறுபடியும் புதுப்பிக்கப் போகிறார்களாம். புதைபடிவ அறையைப் பழைய கண்ணாடிப் பெட்டிகளோடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த மாதத்துக்குள் போய் வந்துவிடுங்கள் என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் போட்டிருந்தான். அடுத்த நிமிஷமே ஒரு பெரியப்பா, கும்பிடும் கைகள் நான்கைப் போட்டு, ‘அங்கே சாளக்கிராமங்கள் அனாதையாகக் கிடக்கின்றனவாமே, நம்மவர்கள் யாராவது எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வரக்கூடாதா’ என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவன் நான். கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான். நடந்ததை எழுதினால் பெரியப்பா குழுவைவிட்டு வெளியேறுவார். வெளியேறட்டும். இதுவரை மூன்று முறை வெளியேறித் திரும்பி வந்தவர்தான்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், பெருமாள் என்று நான்கு பேர். ரேஷன் கார்டில் மூன்று பேர்தான். நான்காமவர் ஒரு சின்னப் பித்தளைப் பெட்டிக்குள் இருந்தார். எலுமிச்சம்பழ அளவில் கன்னங்கரேலென்று ஒரு கல். அதுதான் சாளக்கிராமம். நேபாளத்து ஆற்றில் கிடைப்பது. எங்களுக்கு அது கல் இல்லை, சாட்சாத் பெருமாள். ஒரு பக்கத்தில் வாயைத் திறந்த மாதிரி ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் சுருள் சுருளாக, வரி வரியாகத் தெரியும். அது அவருடைய சக்கரம் என்று அப்பா காட்டியிருக்கிறார்.

அவர் விஷயமாக வீட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, அவரை ஒரு நாள்கூடப் பட்டினி போடக்கூடாது. காலையில் அப்பா நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து, அவரை நீராட்டி, துளசி சாத்தி, அம்மா குளித்து, மடியாகச் சமைத்த தளிகையை அவருக்குக் காட்டிய பிறகுதான் எங்கள் வாய்க்கு ஏதாவது வரும். இரண்டாவது, பெண்கள் அவரைத் தொடக்கூடாது. அம்மா அவருக்காக நாலரை மணிக்கு எழுந்திருக்கலாம், ஈரப் புடவையோடு சமைக்கலாம், அவருடைய வட்டிலைத் தேய்க்கலாம், நாலடி தள்ளி நின்று சேவிக்கலாம். தொடமட்டும் கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லாத குறைக்கு நானே நிறைய யோசித்து வைத்திருந்தேன். என் பட்டியலில் இருந்ததிலேயே மிகச் சின்ன தண்டனை, இடி.

இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது என்னவென்றால், அம்மா எந்த ஊருக்கும் போனதில்லை. பெங்களூரில் சித்தி இருந்தாள், அம்மாவின் ஒரே தங்கை. அவளிடமிருந்து வரும் இன்லண்ட் லெட்டரில், பசை தடவுகிற ஓரம் வரைக்கும் ‘நீ எப்போ வரே, எப்போ வரே’ என்றுதான் இருக்கும். ‘பெருமாளை விட்டுட்டு எப்படிடீ வர்றது’ என்று அம்மா பதில் எழுதுவாள். அம்மாவுக்குத் திருவானைக்காவலே வெளியூர். மாதத்தில் மூன்று நாள் அம்மாவைக் காக்கா தொட்டுவிடும். அந்த மூன்று நாளும் அப்பா பெருமாளுக்குப் பாலும் பழமும் காட்டிச் சமாளிப்பார். அம்மா கொல்லைப்பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பாள். சமாளிக்க முடியும் என்பதற்கு மாதா மாதம் கண்ணெதிரே நிரூபணம் கிடைத்தும் எங்கள் வீட்டில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கோ அம்மா வீட்டில் இருப்பது ராஜகோபுரம் தெருக்கோடியில் இருக்கிற மாதிரி. அது எங்கே போகும்?

எங்கள் சயின்ஸ் டீச்சர் மேலப்புதூர்க்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் நீளமான அடிஸ்கேல். ஒரு திங்கட்கிழமை வகுப்பில், அந்த அருங்காட்சியகத்தில் கூரை ஒழுகுவதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மராமத்துக்காக மூடப் போகிறார்கள், எப்போது திறப்பார்கள் என்று மேஸ்திரிக்கே தெரியாது, அதற்குள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும் என்றார். புதன்கிழமை நாற்பது பேரும் வரிசையாக, முன்னால் போகிறவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

முதல் அறையில் பஞ்சு அடைத்த முதலை ஒன்று இருந்தது. தையல் பிரிந்து வயிற்றிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அடுத்த அறையில் ஜாடிக்குள் இரண்டு தலைக் கன்றுக்குட்டி. அதைப் பார்த்து ஒருவன் வாந்தி எடுத்தான். எங்களுக்கு அது முதலையைவிடப் பிடித்திருந்தது. மூன்றாவது அறைதான் புதைபடிவங்கள். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்ததால் ஓர் ஈரச்சுண்ணாம்பு வாடை. கூரையில் மழைத்தண்ணீர் வரைந்த பழுப்பு வட்டங்கள். அங்கங்கே பிளாஸ்டிக் வாளி. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் தோண்டும்போது கிடைத்தவற்றை, யாரோ அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி, மங்கிப்போன கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். கல்லாகிப்போன மரத்துண்டு. கல்லாகிப்போன சுறாப்பல். கல்லாகிப்போன சிப்பிகள்.

கடைசிப் பெட்டிக்கு முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன.

உள்ளே பதினோரு பெருமாள்கள் இருந்தார்கள்.

சுண்டைக்காய் அளவிலிருந்து ஊத்தப்பம் அளவு வரைக்கும், ஒவ்வொன்றிலும் அதே சுருள், அதே வரிகள். பத்து பேர் மண் நிறம். ஓரத்தில் ஒருவர் மட்டும் கறுப்பு. எங்கள் வீட்டுக்காரரின் உடன்பிறப்பு மாதிரி இருந்தார். துளசி இல்லை, தீர்த்தம் இல்லை. பெட்டியில் அவர்களுக்குத் துணையாக ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது.

நான் அங்கேயே தரையில் விழுந்து சேவித்தேன். பின்னால் வந்தவன் என்மேல் தடுக்கி விழுந்தான்.

“என்னடா பண்ற அங்க?” என்றார் டீச்சர்.

“டீச்சர், இது பெருமாள்.”

“இது கடல் பிராணிடா. செத்து, மண்ணுக்குள்ள புதைஞ்சு, கல்லாப் போனது. இந்த ஊரே அப்ப கடலு. பத்து கோடி வருஷம் ஆச்சு.”

மற்ற பிள்ளைகள் ‘ஓ’ என்று வாயைப் பிளந்தார்கள். எனக்கு அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு விஷயம்தான் காதில் தங்கியது. பத்து கோடி வருஷம். பத்து கோடி வருஷமாகப் பட்டினி! எங்கள் வீட்டில் அப்பா பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலே அம்மா தவித்துப்போவாள்.

மூலையில் காக்கிச் சட்டை போட்ட அட்டெண்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நேராக அவரிடம் போனேன்.

“இவாளுக்கெல்லாம் யார் அமுது படைக்கறா?”

“எவாளுக்கு?”

பெட்டியைக் காட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

“யாரும் இல்லீங்க தம்பி. வாரத்துக்கு ஒருக்கா நான் தொடைப்பேன். அதுவும் ஞாபகம் இருந்தா.”

என் டிபன் டப்பாவில் தயிர்சாதம் இருந்தது. கண்ணாடியைத் திறங்கள், ஒரு நிமிஷம் காட்டிவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். சாவி ஆபீசில் இருக்கிறது என்றார். நான் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இவர்களுக்கு ஒரு வாயாவது கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அறிவித்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. ஆனால் அப்போது பெட்டியின் காலை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் வீரன்தான், என் கைகளுக்கு அது தெரிவிக்கப்படவில்லை.

“எந்திரிடா.”

“மாட்டேன் டீச்சர்.”

“ஏசுவே! முப்பத்தொம்பது பேரு பஸ்ஸுக்கு நிக்கிறாங்க, எந்திரி.”

“அவாளுக்குப் பசிக்கும் டீச்சர்.”

“உனக்கு இப்ப அடி பசிக்குதா?”

சத்தியாகிரகம் ஏழெட்டு நிமிஷம் நீடித்தது. காதைப் பிடித்துத் தூக்கியபோது முடிவுக்கு வந்தது. வாசலைத் தாண்டும்வரை நான் அந்தப் பதினோரு பேரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். டீச்சர் என் டயரியில் சிவப்பு மையில் எழுதினார்: ‘உங்கள் மகன் அருங்காட்சியகத்தில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தான். பெற்றோர் கையெழுத்துத் தேவை.’

அப்பாவிடம் காட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். அம்மாவிடம் கொண்டு போனேன். அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். டயரியைக் கையில் வாங்காமல், என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எட்ட நின்று படித்தாள்.

“எதுக்குடா உக்காந்தே?”

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். சனிக்கிழமையோடு மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் மூட்டை கட்டிவிடுவார்கள், அதற்குள் ஏதாவது பண்ண வேண்டும் என்றேன். அம்மா சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. புளிக்கரைசலுக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எத்தனை நாளா ஒண்ணும் குடுக்கலையாம்?”

“டீச்சர் பத்து கோடி வருஷம்னா.”

“பத்து கோடியா!”

“ஆமாம்மா.”

“ஒண்ணும் ஆகலையா?”

“யாருக்கு?”

“யாருக்காவதுடா. அங்க இருக்கறவாளுக்கு. ஊருக்கு.”

யோசித்துப் பார்த்தேன். “ஒரு கரப்பான்பூச்சி செத்திருந்தது” என்றேன்.

அம்மா புளியிலிருந்து கையை எடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு டயரியில் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

சனிக்கிழமை மதியம், அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனதும், அம்மா ஒரு சொம்பில் பால் காய்ச்சி, கற்கண்டு போட்டு, மேலே தட்டு மூடித் துணியால் கட்டினாள். “வாடா, உன் பெருமாளைக் காட்டு” என்றாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொம்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிந்தினால் என் பதினோரு பேரில் யாருக்கோ குறையும்.

போய்ப் பார்த்தால் அங்கே கோலமே மாறியிருந்தது. கண்ணாடிப் பெட்டிகள் காலி. முதலையைச் சாக்கில் சுற்றி வால் மட்டும் வெளியே தெரிய மூலையில் சாத்தியிருந்தார்கள். தரை முழுக்க வைக்கோல், பழைய செய்தித்தாள், மரப்பெட்டிகள். இரண்டு கூலியாட்கள் கல்மரத்தைத் தம் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அட்டெண்டர் தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்.

“அட, வாங்க சத்தியாகிரகம்!” என்றார் என்னைப் பார்த்ததும். “அம்மாவா? வாங்கம்மா. சொன்னதுக்கு ஒரு நாள் முந்தியே மூடிட்டாங்க. பரவால்ல, வாங்க. பார்த்து வாங்க, மேல காரை உதிருது.”

என் பதினோரு பேரும் ஒரு சினிமா விளம்பரத்தின்மேல் வரிசையாகக் கிடந்தார்கள். நான் பதறிப்போனேன். அம்மா கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு அட்டெண்டருக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நாலடி தள்ளி இல்லை. பக்கத்தில்.

“இதெல்லாம் எங்கேந்து வந்தது?”

“அரியலூருங்கம்மா. சுரங்கத்துல வண்டி வண்டியாக் கெடக்கும். எங்க அத்தை ஊரு அங்கதான், பசங்க இத வச்சு விளையாடும். இந்தக் கறுப்பு மட்டும் யாரோ வடக்கேயிருந்து குடுத்தது. இந்தாங்க, இதக் கொஞ்சம் புடிங்க, பேப்பர் எடுத்துக்கறேன்.”

சாதாரணமாக, கொத்துமல்லிக் கட்டை நீட்டுவது போல, அந்தக் கறுப்பரை அம்மாவின் பக்கம் நீட்டினார்.

“அம்மா, தொடாதே!” என்று கத்தினேன். கூலியாட்கள் கல்மரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவின் கை நடுவழியில் நின்றது. என்னைப் பார்த்தாள். அட்டெண்டரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் புரியாமல் கையை நீட்டியபடியே இருந்தார்.

“சும்மா இருடா” என்றாள் அம்மா. வாங்கிக்கொண்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு காரைத்துண்டு பொத்தென்று என் தலையிலேயே விழுந்தது. இடி ஆரம்பித்துவிட்டது, குறி கொஞ்சம் தப்பிவிட்டது என்று நினைத்து, சொம்பைக் கட்டிக்கொண்டு முதலைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன். தெய்வத்திடமிருந்து தப்பிக்க ஒரு மனிதன் பஞ்சு அடைத்த முதலையிடம் அடைக்கலம் புகுந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அங்கிருந்து ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு, வெளிச்சம் பக்கம் திருப்பினாள். ஆள்காட்டி விரலால் அந்தச் சுருளை வெளியிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து வெளியே என்று தடவிக்கொண்டேயிருந்தாள். அட்டெண்டர் காகிதத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரும் அவசரப்படுத்தவில்லை.

“ஜில்லுனு இருக்கு” என்றாள் அம்மா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

பிறகு அதைத் தன் கையாலேயே வரிசையில் வைத்தாள். என்னைக் கூப்பிட்டுச் சொம்பை வாங்கி, பதினோரு பேருக்கு முன்னாலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூலியாட்கள்கூடத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். அப்புறம் அந்தப் பாலை அட்டெண்டருக்கும் அவர்களுக்கும் எனக்கும் ஊற்றிக்கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானும் குடித்தாள். வீட்டுக்கு வெளியே, பொது இடத்தில், உட்கார்ந்தபடி. பஸ்ஸில் திரும்பும்போது, நடந்தது எதையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவேயில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

சாயங்காலம் அப்பா காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை நான் பெங்களூர் போறேன். அஞ்சு நாள்.”

அப்பா காப்பி ஆற்றுவதை நிறுத்தினார். “யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பார்க்கணும்போல இருக்கு. போறேன்.”

“தளிகை?”

“நீங்க பண்ணுங்கோ.”

“எனக்கு என்ன தெரியும்? பெருமாள் வாயில வைக்கற மாதிரி இருக்க வேண்டாமா?”

“பத்து கோடி வருஷம் ஒண்ணுமில்லாமத் தாங்கினவர், அஞ்சு நாள் உங்க சமையலைத் தாங்க மாட்டாரா?”

அப்பாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். அம்மா அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. தண்டனை இடியாக வரவில்லை, அதைவிட மோசமாக வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். முதலில் புத்தியைப் பேதலிக்க வைக்கிறார். அடுத்து வீட்டைவிட்டே துரத்தப் போகிறார். எல்லாம் என்னால். நான் உட்காராமல் இருந்திருந்தால் அம்மா அங்கே போயிருக்க மாட்டாள். போகாமல் இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மத்திய பஸ் நிலையத்தில் அம்மாவை ஏற்றிவிட்டோம். நான் பஸ் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கண்டக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அம்மா ஜன்னல் வழியாகக் கையை அசைத்தாள். கண்கள் பளபளவென்று இருந்தன. காய்ச்சல் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா சமைத்தார். முதல் நாள் சாதம் குழைந்தது. இரண்டாம் நாள் தீய்ந்தது. மூன்றாம் நாள் ஒரே பாத்திரத்தில் மேலே அரிசியாகவும் கீழே கரியாகவும் இருந்தது. பெருமாள் அத்தனையையும் வாயைத் திறந்தபடி ஏற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினோரு பேர், பால், கறுப்பு, அம்மாவின் கை.

அப்பா கரண்டியோடு திரும்பினார்.

“கையில வச்சுண்டாளா?”

“ஆமாம்ப்பா.”

“எவ்வளவு நேரம்?”

“ரொம்ப நேரம்.”

அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெட்டி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னா?”

“ஜில்லுனு இருக்குன்னா.”

“ம்” என்றார் அப்பா. “ஆமாம். ஜில்லுனுதான் இருக்கும்” என்றார். பின்னால் சாதம் தீய்கிற வாடை வந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

இனி அப்பாவை நம்பிப் பயனில்லை, நானே இறங்கினால்தான் உண்டு என்று தெரிந்துவிட்டது. பெட்டிக்கு முன்னால் நின்று பெருமாளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். உத்தர வீதி நான்கு பக்கத்தையும் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் மூன்று சுற்று சுற்றுகிறேன். பதிலுக்கு நீர் அம்மாவை மன்னித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், இனிமேல் எந்த ஊருக்கும் துரத்தக்கூடாது. சித்திரை மாத வெயில். தார் என் காலில் ஒட்டியதா, என் கால் தாரில் ஒட்டியதா என்று சொல்ல முடியாது. முதல் சுற்றில் பக்தியோடு நடந்தேன், இரண்டாம் சுற்றில் ஓடினேன், மூன்றாம் சுற்றில் நிழல் விழுந்த இடத்துக்கெல்லாம் தவளை மாதிரி தாவினேன். பெருமாள் தாவியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

சொன்ன நாளில் அம்மா வந்து இறங்கினாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். காலில் புதுச் செருப்பு, கொஞ்சம் உயரமாக. லால்பாக்கில் ரோஜாச்செடிகளுக்கு நடுவே சித்தியோடு நடந்த கதையை வாசலிலேயே தொடங்கிவிட்டாள். ஹோட்டலில் உட்கார்ந்து மசால்தோசை சாப்பிட்டதைச் சொல்லும்போது அப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பா, “நன்னா இருந்ததா?” என்று மட்டும் கேட்டார்.

நான் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய், கால் கொப்புளத்தைக் காட்டினேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனையை அறிவிக்கும் தோரணையில் சொன்னேன்.

“அம்மா, நீ தொட்டதுக்குப் பெருமாள்கிட்ட நான் மன்னிப்பு வாங்கிட்டேன். இனிமே உன்னை எங்கயும் அனுப்பமாட்டார். நீ பயப்பட வேண்டாம்.”

கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் முகத்தில் பெங்களூரிலிருந்து கொண்டுவந்திருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொப்புளத்தைச் சுற்றி விரலால் மெதுவாகத் தடவினாள். ஆனால் குரல் வேறாக இருந்தது.

“யாரைக் கேட்டுண்டுடா மன்னிப்பு வாங்கினே?”

“உனக்காகத்தாம்மா…”

“நான் கேட்டேனா?”

நான் காலை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொண்டேன்.

“போ” என்றாள் அம்மா. “போய்ச் சொல்லிட்டு வா. அம்மா வேண்டாம்னுட்டான்னு சொல்லு.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நொண்டிக்கொண்டே போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். அம்மா காதில் விழும்படி, “அம்மா மன்னிப்பு வேண்டாம்னுட்டா” என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கண்ஜாடை காட்டினேன். கால் விண்விண் என்று தெறித்தது. இவ்வளவு பாடுபட்டு ஒருத்தன் வாங்கிக்கொண்டு வந்ததை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?